மண்ணடியில் மண்ணில்லாப் புதினா



சென்னை மண்ணடியிலிருந்து சகோதரி ஒருவர் இப்பகுதிக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயரிலேயே மண்ணை வைத்திருக்கும் அவ்விடத்தில், ஒரு பிடி மண்ணுக்கும் வழியில்லாத மூன்றாம் மாடி வீட்டில் அவர்கள் குடியிருக்கிறார்கள். ஊரிலிருந்த பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு, மாமியும் இவர்களோடு வந்து தங்கிவிட்டார்களாம். கிணற்றடியில் புதினா, கொல்லையில் கீரை, வேலியோரம் பசலைக்கொடி என்று அறுபது ஆண்டுகள் கையோயாமல் வளர்த்துப் பழகியவர்கள். வந்த ஆண்டே பால்கனியில் ஐந்து சாக்குகளில் மண் நிரப்பி விதை தூவியிருக்கிறார்கள். கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசிகிறது, கட்டடம் சுமை தாங்காது என்று வீட்டுச் சொந்தக்காரர் அவற்றை அகற்றச் சொல்லிவிட்டார். சாக்குகள் கீழிறங்கிய நாள் முதல் மாமி பால்கனிப் பக்கமே போவதில்லை.

“மண்ணே இல்லாமல் செடி வளர்க்கலாம் என்கிறார்களே, அது மெய்தானா? எங்களைப் போன்றவர்களால் முடியுமா? அப்படி வளர்ந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? மாமி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அச்சகோதரிக்கு எழுதும் மறுமொழியை உங்கள் அனைவருக்குமாகவே எழுதுகிறேன். மாடி வீடுகளில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பொதுவான குறை.

முதலில் வீட்டுச் சொந்தக்காரர் மீதுள்ள வருத்தத்தைச் சற்றே தணித்துக்கொள்ளுங்கள். ஈரம் ஏறிய மண் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கும் மேல் எடையிருக்கும். இருபத்தைந்து லிட்டர் பிடிக்கும் சாக்கு ஏறத்தாழ 40 கிலோ. ஐந்து சாக்குகள் என்றால் 200 கிலோ. பழைய கட்டடமொன்றின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கு அது சிறிய சுமையன்று. நான் சொல்லப்போகும் முறையில் ஒரு வாளியின் எடை 10 அல்லது 11 கிலோதான்; தரையில் ஒரு சொட்டும் ஒழுகாது. இதை அவரிடம் எடுத்துச் சொன்னால் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

இனி, மண்ணில்லாமல் செடி வளருமா என்ற கேள்வி. மண் ஒரு செடிக்கு என்னென்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சாயாமல் பிடித்துக்கொள்கிறது, நீரைத் தேக்கித் தருகிறது, உப்புச் சத்துகளைக் கரைத்துத் தருகிறது. இவற்றோடு, நாம் கவனிக்காத இன்னொன்றையும் செய்கிறது. மண் துகள்களுக்கு இடையேயுள்ள இடுக்குகளில் காற்று நிற்கிறது. வேர் அந்தக் காற்றைச் சுவாசிக்கிறது. இந்நான்கையும் வேறு வழியில் கொடுத்துவிட்டால் செடிக்கு மண் இல்லாத குறை தெரியாது.

புதினாவைக் கேட்டு எழுதிய சகோதரிக்கு ஒரு சுவையான செய்தி. இத்துறையில் பதிவாகியுள்ள மிகப் பழைய சோதனைகளுள் ஒன்று புதினாவின் இனத்தைச் சேர்ந்த ஸ்பியர்மின்ட் செடியைக் கொண்டே நடந்தது. ஜான் வுட்வர்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் அச்செடியின் தண்டுகளைக் கண்ணாடிக் குப்பிகளில் வைத்து, ஒன்றில் மழைநீர், ஒன்றில் தேம்ஸ் ஆற்று நீர், ஒன்றில் தோட்டத்து மண்ணைக் கலக்கிய நீர் என ஊற்றி, எடை போட்டுப் பார்த்தார். 1699ஆம் ஆண்டு அதை வெளியிட்டார். தூய மழைநீரில் இருந்தவை சிறிதே வளர்ந்தன. மண் கலந்த நீரில் இருந்தவை நன்கு வளர்ந்தன. ஆகவே செடி உண்பது வெறும் நீரை மட்டுமன்று, நீரில் கரைந்துள்ள ஏதோ சில மண்பொருள்களையும் சேர்த்துத்தான் என்று அவர் முடிவு செய்தார். அந்த ‘ஏதோ சில’ எவை என்பதை 1860களில் ஜெர்மனியின் யூலியுஸ் ஃபொன் சாக்ஸ், வில்ஹெல்ம் க்னோப் ஆகியோர் உப்புகளைத் தனித்தனியே நீரில் கரைத்துச் செடி வளர்த்துக் காட்டினார்கள். இன்று தாவரங்களுக்கு இன்றியமையாதவை என 17 தனிமங்களைக் கணக்கிடுகிறார்கள். கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைத்துவிடுகின்றன. எஞ்சிய பதினான்கும் வேர்வழியே உப்பாகச் செல்ல வேண்டியவை.

இதை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக்கி. 1929 முதல் இதுபற்றி எழுதினார். ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற பெயர் 1937இல் அவர் மூலமாகவே வழக்குக்கு வந்தது. அவருடைய தக்காளிக் கொடிகள் ஏணி வைத்துப் பறிக்கும் உயரத்துக்கு வளர்ந்ததைப் படமாகப் பார்த்த அமெரிக்கர்கள், இனி வயலே தேவையில்லை என்று மயங்கினார்கள். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லண்ட், ஆர்னன் இருவரும் 1938இல் நிதானமாக ஒரு கைந்நூல் வெளியிட்டு, நல்ல மண்ணில் நல்ல கவனிப்போடு வளரும் பயிரைவிட இது அதிசய விளைச்சல் எதுவும் தந்துவிடாது என்று எடுத்துக்காட்டினார்கள். இன்று வரும் கவர்ச்சியான விளம்பரங்களைக் காணும்போதெல்லாம் அந்த 1938ஆம் ஆண்டுக் கைந்நூல்தான் என் நினைவுக்கு வருகிறது. பாபிலோன் தொங்கு தோட்டமே இம்முறையில் அமைந்ததுதான் என்று சிலர் எழுதுவதையும் நம்பவேண்டாம். பழைய ஆசிரியர்கள் வருணிக்கும் அத்தோட்டத்தில் மண் இருந்தது.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1940களில் டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்பொங்கில், ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர் மின்சாரக் கருவிகள் ஏதுமின்றி, சாதாரண வீடுகளில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே செய்யக்கூடிய எளிய வழியொன்றை வகுத்தார். ‘வங்காள முறை’ என்ற பெயரில் 1951இல் அது நூலாகவும் வந்தது. ஏழை வீட்டிலும் செய்ய முடிவதே முறை என்ற அவருடைய நோக்கை நாமும் பின்பற்றுவோம்.

இங்கே என் சொந்தத் தோல்வி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதன்முதலில் இதைச் செய்து பார்த்தபோது, வாளி நிறையச் சத்துநீர் ஊற்றி, புதினாவை வைத்தேன். நாள்தோறும் மாலையில் குறைந்த அளவை விளிம்பு வரை நிரப்புவேன். அன்பு மிகுதி! பதினைந்தாம் நாள் இலைகள் துவண்டன. நீரிலேயே நிற்கும் செடி தாகத்தால் வாடுவதுபோல் வாடியதைக் கண்டு திகைத்துப்போனேன். மூடியைத் தூக்கினால் வேர்கள் பழுப்பேறி, வழவழப்பாகி, சாக்கடை நாற்றம் வீசின. பக்கத்தில் நின்ற என் ராத்தா எட்டிப் பார்த்துவிட்டு, “ஊட்டி ஊட்டியே மூச்சுமுட்ட வச்சிட்டியேடா” என்றார்கள். அவர்கள் விளையாட்டாகச் சொன்னது தாவரவியலின்படி முற்றிலும் சரி. காற்றில்லாத வேர் நீரை உறிஞ்சும் ஆற்றலை இழந்துவிடும். பின்னர் அழுகல் நோய் பற்றும்.

அப்படியானால் நெல்லும் தாமரையும் நீரிலேயே நிற்கின்றனவே என்று கேட்பீர்கள். அவற்றின் தண்டினுள்ளே குழாய் போன்ற வெற்றிடங்கள் உண்டு. இலை வாங்கும் காற்று அவ்வழியே வேர் வரை இறங்குகிறது. புதினாவுக்கும் நம் கீரைகள் பெரும்பாலானவற்றுக்கும் அவ்வசதி போதிய அளவு கிடையாது. ஆகவே நீரில்லாச் செடியைவிடக் காற்றில்லாச் செடியையே இம்முறையில் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

காற்றை ஊட்டப் பெரிய பண்ணைகளில் மோட்டார் வைத்து நீரைச் சுழலவிடுகிறார்கள். குழாய்களில் மெல்லிய படலமாக நீர் ஓடும் அமைப்புகளும், கோபுரம்போல் அடுக்கிய தொட்டிகளும் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. கண்ணுக்கு அழகுதான். ஆனால் கோடை நண்பகலில் சில மணிநேரம் மின்சாரம் நின்றுபோனால் அந்த வேர்கள் உலர்ந்துவிடும். மாமியை உத்தேசித்துச் செய்யும் காரியத்தில், மோட்டார் ஓடுகிறதா என்று அவர்களை எழுந்தெழுந்து பார்க்க வைப்பதில் பொருளில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெர்னார்ட் கிராட்கி என்பவர் வகுத்த முறைக்கு மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். அதையே பரிந்துரைக்கிறேன். அதன் உட்பொருள் இதுதான்: வாளியில் நீர் குறையக் குறைய, நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே ஈரக்காற்று நிரம்பிய இடைவெளி உண்டாகும். அவ்விடைவெளியில் தொங்கும் வேர்கள் காற்றை வாங்கும். கீழே நீரில் அமிழ்ந்துள்ளவை சத்தை வாங்கும். நான் அன்பினால் நிரப்பிக் கெடுத்தது அந்த இடைவெளியைத்தான்.

வாளிக்கு எங்கும் அலைய வேண்டாம். விருந்துக்கு வாங்கும் பக்கெட் பிரியாணி வருகிறதே, அந்த மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி உணவுக்கெனச் செய்யப்பட்டது. பத்து லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் பெரியதாகப் பார்த்து எடுத்துவையுங்கள். எண்ணெய்ப் பசை போகச் சோப்பிட்டு நன்றாகக் கழுவவேண்டும். பெயின்ட் டப்பா, இரசாயனம் வந்த கேன் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். வெள்ளை வாளிக்குள் ஒளி புகும். ஒளி புகுந்தால் சத்துநீரில் பாசி பிடிக்கும். ஆகவே வெளிப்புறத்தில் முதலில் கருப்புத் துணியோ தாளோ சுற்றி, அதன்மேல் வெள்ளைத் துணி சுற்றுங்கள். கருப்பு ஒளியைத் தடுக்கும். வெள்ளை வெயிலைத் திருப்பிவிடும். கருப்பை மட்டும் சுற்றினால் வாளி அடுப்பாகிவிடும்.

மூடியில், தயிர்க் கிண்ணத்தின் விளிம்பு தாங்கி நிற்கும் அளவுக்கு மூன்று வட்டத் துளைகள் போடவேண்டும். குழாய் வேலை செய்பவரிடம் கொடுத்தால் சில நிமிடங்களில் போட்டுத் தருவார். கிண்ணத்தின் அடியிலும் பக்கங்களிலும் ஊதுபத்தி முனையால் நிறையத் துளையிடலாம்; அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது, திறந்த வெளியில் செய்யுங்கள். கிண்ணத்தில் மண்ணுக்குப் பதில் ஓடு உடைத்த சிறு கற்களோ, கழுவிய தேங்காய் நாரோ நிரப்பலாம். தேங்காய் நாரை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்தால்தான் அதிலுள்ள உப்பும் கறையும் நீங்கும்.

செடிக்குக் கடைப் புதினாவே போதும். கட்டில் தடித்த, புதிய தண்டுகள் பத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு தம்ளர் நீரில் நிழலில் வையுங்கள். இரண்டு நாளுக்கொரு முறை நீரை மாற்றவேண்டும். ஏழு முதல் பத்து நாள்களுக்குள் கணுக்களிலிருந்து வெள்ளை வேர்கள் இறங்கும். பத்தும் பிழைக்காது. பிழைத்தவற்றுள் நல்லவற்றை எடுத்துக் கிண்ணத்துக்கு இரண்டாக வைத்து, கற்களால் அணைத்துவிடுங்கள். தொடக்கத்தில் மட்டும் சத்துநீர் கிண்ணத்தின் அடியை ஒரு விரலகலம் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சத்துநீர்தான் இதில் கவனம் வேண்டிய பகுதி. வெறும் நீரில் வேர்விட்ட செடி சில வாரம் பசுமையாகவே நிற்கும். வரவேற்பறைப் புட்டியில் மணி பிளான்ட் ஆண்டுக்கணக்கில் நிற்பதுபோல. ஆனால் பறித்துச் சமைக்கும் அளவுக்குத் தழைக்காது. ‘ஏ’, ‘பி’ என இரண்டு புட்டிகளாக விற்கும் ஆயத்தச் சத்துநீரை வாங்குவது புதியவர்களுக்கு எளிது. சிறு தராசு வைத்திருப்பவர்கள் தாமே செய்துகொள்ளலாம். முன்னே குறிப்பிட்ட ஹோக்லண்டின் கலவையைப் பாதி வலிமையாக்கி நான் பயன்படுத்துகிறேன். ஒரு லிட்டர் புட்டியில் கால்சியம் நைட்ரேட் 50 கிராம். மற்றொரு லிட்டர் புட்டியில் பொட்டாசியம் நைட்ரேட் 25 கிராம், எப்சம் உப்பு 25 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 7 கிராம். பத்து லிட்டர் நீருக்கு ஒவ்வொரு புட்டியிலிருந்தும் 100 மில்லி. இவற்றோடு இரும்பு கலந்த நுண்ணூட்டக் கலவையை அதன் உறையில் நீர்வழி வளர்ப்புக்கெனக் குறித்த அளவில் சேர்க்கவேண்டும். இரண்டு புட்டிகளையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றிவிடாதீர்கள். கால்சியம் மற்றவற்றோடு கூடிச் சுண்ணாம்புபோல் அடியில் படிந்துவிடும், செடிக்கு எட்டாது. வாளி நீரில் முதல் புட்டியை ஊற்றிக் கலக்கியபின் இரண்டாவதை ஊற்றவேண்டும்.

“வீட்டில் யூரியா இருக்கிறதே, அதைப் போடலாமா?” என்று ஒருவர் முன்பு கேட்டிருந்தார். கூடாது. யூரியாவைச் செடி ஏற்கும் வடிவுக்கு மாற்றுபவை பெரும்பாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். நம் வாளியில் அவை போதிய அளவு இல்லை. உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 கலவையிலும் தழைச்சத்தின் ஒரு பகுதி யூரியாவாகவே இருக்கக்கூடும். உறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். சாணக் கரைசலும் இதற்கு ஆகாது. மண்ணுக்கு அமுதமான அது மூடிய வாளியில் அழுகி, வேருக்குரிய காற்றையெல்லாம் தின்றுவிடும்.

மண்ணடிப் பக்கத்து நீரைப் பற்றி ஒரு சொல். குடிநீர்க் கருவி பழுதுபார்க்க வருபவர் ஒரு சிறு கோல்போன்ற டி.டி.எஸ். கருவியை நீரில் வைத்து எண் காட்டுவாரே, அதுவே நமக்கும் உதவும். கலப்பதற்கு முன்பே உங்கள் நீர் 300க்கு மேல் காட்டினால் அந்நீர் வேண்டாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் செடிக்கு வேண்டாத உப்புகள் மிகுதி. இலை நுனி கருகும், புதிய இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக வெளிறிப்போகும். மழைக்காலத்தில் மொட்டைமாடி நீரைப் பிடித்துவைத்தால் அதற்கு நிகரில்லை. மற்றக் காலங்களில் குடிநீர்க் கருவியின் தூய நீர் நல்லது. அக்கருவி வெளியே தள்ளும் கழிவு நீர் உப்பு செறிந்தது, அதை ஊற்றிவிடாதீர்கள். சத்து கலந்தபின் 600 முதல் 800 வரை காட்டினால் புதினாவுக்கும் கீரைக்கும் போதும். பி.எச். தாள் கிடைத்தால் 5.5 முதல் 6.5க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மிகுந்திருந்தால் எலுமிச்சைச் சாறு சில துளி இறக்கித் தரும். ஆனால் இரண்டொரு நாளில் மறுபடி ஏறிவிடும்.

செடி வளர்ந்து நீர் கால்வாளிக்கு இறங்கியதும் மீண்டும் ஊற்றவேண்டும். எவ்வளவு? அரை வாளி வரை மட்டும். காற்றில் பழகிவிட்ட மேல்வேர்களை மறுபடி அமிழ்த்தினால் அவை மூச்சுத்திணறிச் சாகும். இரண்டாம் முறை ஊற்றும் கரைசலைப் பாதி வலிமையில் கலக்குங்கள். நம் வெயிலில் செடி சத்தைவிட நீரையே விரைந்து குடிக்கும். அதனால் வாளியில் உப்பு செறிந்துகொண்டே போகும். ஆறு வாரத்துக்கொரு முறை பழையதை முழுதும் கொட்டிப் புதிதாக வைப்பது நலம். கொட்டும் நீரைச் சாக்கடையில் விடாமல் தெருவோர மரத்தடியில் ஊற்றினால் அது உரமாகும்.

இடம்? காலை வெயில் நான்கு மணி நேரமாவது விழும் கிழக்குப் பார்த்த பக்கம் சிறந்தது. கத்திரி வெயிலில் நண்பகலுக்குப் பின் நிழல் வேண்டும். நீர் சூடேறினால் அதில் கரையும் காற்று குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். ஈரச் சாக்கை வாளியைச் சுற்றிப் போட்டால் ஓரளவு குளிரும். ஏப்ரல், மே மாதங்களில் முதன்முதலாகத் தொடங்கி மனம் உடைந்துபோக வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இவற்றை அலட்சியம் செய்வதாயிருந்தால் இம்முயற்சியே வேண்டாம். முதலாவது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த நீரைத் தேடி முட்டையிடுவது. நம் நாட்டு வெப்பத்தில் முட்டை கொசுவாகப் பறக்கப் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள்களே பிடிக்கும். மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இடுக்கிருந்தால் துணியால் அடையுங்கள். பயன்படாத துளையை ஒட்டிவிடுங்கள். வாரமொரு நாள் மூடியை லேசாகத் தூக்கிப் புழு நெளிகிறதா என்று பார்ப்பது கடமை. மாநகராட்சிப் பணியாளர் வந்து பார்க்கும்போது தலைகுனிய நேரக்கூடாது.

இரண்டாவது, அந்த உப்புகள். எப்சம் உப்பு சீனியைப்போல இருக்கும்; கால்சியம் நைட்ரேட் ஜவ்வரிசியைப்போல இருக்கும். கரைத்த புட்டியோ தண்ணீர்ப் புட்டியைப்போலவே தோன்றும். அடுப்பங்கரை அலமாரியில் ஒருபோதும் வைக்காதீர்கள். குடிநீர்ப் புட்டியில் ஊற்றிவைக்காதீர்கள். பெரிய எழுத்தில் பெயரெழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். கண்பார்வை மங்கிய முதியவர்கள் உள்ள வீட்டில் இது இன்னும் முக்கியம்.

உண்ணலாமா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். வேர் உறிஞ்சும் நைட்ரேட் சாணத்திலிருந்து வந்தாலும் உப்புப் பொட்டலத்திலிருந்து வந்தாலும் ஒன்றே. செடி வேறுபாடு பார்ப்பதில்லை. ஆயினும் ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. வெளிச்சம் குறைந்த இடத்தில், செறிந்த சத்துநீரில் வளரும் கீரைகள் அந்த நைட்ரேட்டைப் புரதமாக்க முடியாமல் இலையிலேயே சேர்த்துவைக்கும். இது மண்ணில் அளவின்றி உரமிட்ட கீரைக்கும் பொருந்தும். ஆகவே நிழலான பால்கனியில் சத்தைப் பாதியாகக் குறையுங்கள். விடியலில் பறிக்காமல், வெயில் பட்டபின் பிற்பகலில் பறியுங்கள். கழுவிச் சமைப்பது எப்போதும்போல.

எல்லாம் வளர்ந்துவிடும் என்று எண்ணவேண்டாம். தண்டு வைத்தால் வேர்விடும் பொன்னாங்கண்ணி, பசலை, வள்ளைக்கீரை ஆகியவை புதினாவைப் போலவே இலகுவில் வரும். வெந்தயக்கீரையும் தண்டுக்கீரையும் விதையிலிருந்து நன்றாக வரும். கொத்தமல்லிக்குப் பொறுமை வேண்டும். விதையை இரண்டாக உடைத்து விதைத்தாலும் முளைக்கப் பத்து நாளாகலாம், வெப்பம் மிகுந்தால் இலை பெருகுமுன் பூத்துவிடும். தக்காளியும் மிளகாயும் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். முள்ளங்கி, கிழங்கு வகைகள், கறிவேப்பிலை, முருங்கை ஆகியவற்றுக்கு இந்த வாளி இடமன்று.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சந்தையில் ஒரு கட்டுப் புதினா விற்கும் விலையை வைத்துப் பார்த்தால், முதல் ஆண்டில் நீங்கள் மிச்சம் பிடிக்கப்போவது ஒன்றுமில்லை. உப்புகள், தராசு, நுண்ணூட்டம் எல்லாம் காசுதான். பணம் சேமிக்கலாம் என்று சொல்லி இதை விற்பவரிடம் சற்று விலகியே இருங்கள். நம் சகோதரி கேட்டதும் அதையன்று. ஒரு வாளியோடு தொடங்கி, அது தழைத்தபின் இரண்டாவதை வைத்தால் போதும்.

மாமி தொடக்கத்தில் இதை ஏற்கமாட்டார்கள். மண் மணக்காத செடியும் ஒரு செடியா என்பார்கள். அதில் நியாயமும் உண்டு. மழை விழுந்த கொல்லையின் மணத்தை எந்த வாளியும் தராது. வற்புறுத்தாதீர்கள். தம்ளரில் தண்டுகளைப் போட்டு, அவர்கள் உட்காரும் சன்னல் திட்டில் வைத்துவிடுங்கள். நான்காம் ஐந்தாம் நாள் வேர் எட்டிப் பார்க்கும்போது அவர்களே எந்தத் தண்டு தேறும், எது தேறாது என்று சொல்லத் தொடங்குவார்கள். மண்ணுக்குள் அறுபது ஆண்டுகள் மறைந்தே நடந்த வேலையை அப்போதுதான் முதன்முறையாகக் கண்ணால் காண்பார்கள்.

ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு வீட்டுப் புதினா வேண்டுமென்று விரும்பினால், பிறை காண ஆறு வாரம் இருக்கும்போதே தண்டுகளை நீரில் போட்டுவிடுங்கள். வேர்விடப் பத்து நாள், வாளியில் தழைக்க நான்கு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் பறிப்பை மாமியின் கையாலேயே நடத்துங்கள். எத்தனை கணுவை விட்டுக் கிள்ளினால் இரட்டைக் கிளை வெடிக்கும் என்பதை அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. எப்படி வந்தது என்று எழுதுங்கள்.